கல்ஓயாச் சந்தியில் கொளுவும் பெட்டி

இரவு வண்டியில்
செயலாளர் வில்வராசா கொழும்புக்குப் போகிறார்.
மடியில் கோப்பு.
கோப்புக்குள் பதினொரு அம்சம்,
பதினொன்றும் நான் தட்டெழுதியவை.

திருகோணமலை வண்டிக்குத் தனிவழி
கல்ஓயா மட்டும்தான்.
நடுச்சாமத்தில் அங்கே
மட்டக்களப்பிலிருந்து வரும் நீளவண்டியின் வாலில்
எங்கள் பெட்டிகளைக் கொளுவுவார்கள்.
ஒரு குலுக்கல்.
நித்திரை கொள்கிறவனுக்குத் தெரியாது
இனி எந்த எஞ்சின் இழுக்கிறதென்று.
வில்வராசா நித்திரை கொள்ளமாட்டார்.
இருபத்தாறு வருசமாய் அந்தக் குலுக்கலுக்கு
விழித்திருக்கிறவர்.

எங்கள் சின்னம் நங்கூரம்.
அவர்களுடையது மணிக்கூடு.
"மாகாணத்துக்கு நங்கூரம், நாட்டுக்கு மணிக்கூடு" என்று
போனமுறை சேர்த்து அடித்த சுவரொட்டியை
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவந்த மான்கள்
பசையோடு தின்றன,
முதலில் நங்கூரம், பிறகு முள்ளு, பிறகு எண்கள்.
"எந்தக் கட்சிக்கும் கடன்படாத வாக்காளர்"
என்று சிரித்தார் கிண்ணியா ஹிதாயத்துல்லா.
கோதுமை மாவின் காசை
யார் கொடுப்பதென்று
இன்னும் இரண்டு அலுவலகமும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன.

நாலாம் அம்சத்தில் ஒரு சொல்.
நான் அடித்தது 'சமஷ்டி'.
கொழும்பு அதைச் சிவப்பில் வெட்டி
'பகிர்வு' என்றது.
நாங்கள் 'சுயாட்சி' என்றோம்.
அவர்கள் 'பரவலாக்கம்' என்றார்கள்.
ஆறு நாள்
ஒரு வெற்றிடத்துக்கு மேல் குந்தியிருந்தது என் கேசர்.

சிங்களப் பிரதியில் அந்த இடத்தில்
என்ன நிற்கிறதென்று சுமனபாலவைக் கேட்டேன்.
உப்புவெளியில் மணிக்கூட்டின் அமைப்பாளர்.
கண்ணாடியைத் துடைத்தார்.
"மிஸ், அந்த வரியே இல்ல."
தேத்தண்ணி ஆறிய பிறகு சொன்னார்,
"என்னயும் கேக்கல்ல. நான் பேப்பர்லதான் பாத்த."

அங்கே மேடையில் வர்க்கம் என்கிறார்கள்.
சீனக்குடா வாசலில் காலையில் நிற்கிற
மூன்று சாதி ஆட்களுக்கும் ஒரே நாட்கூலி.
அது பொய்யில்லை.
இங்கே நாங்கள் நிலம் என்கிறோம்.
எல்லைக்கல் இரவில் நடக்கிற ஊரில்
அதுவும் பொய்யில்லை.
கன்னியாவில் ஏழு கிணறு,
ஒன்றுக்கொன்று ஒரு வாளித் தூரம்,
ஏழுக்கும் ஏழு சூடு.
கூட்டணி என்று தட்டும்போதெல்லாம்
எனக்குக் கை சுடும்.

இன்றைக்கு ஸ்டேப்ளர் தேடி
வில்வராசாவின் கீழ் லாச்சியைத் திறந்தேன்.
மூதூர்க் கிளையின் கடிதங்கள்.
ஒன்பது.
கடைசியைத் தவிர எதுவும் கிழிபடவில்லை, உறையோடு.

'எங்கள் வேட்பாளரை நாங்களே தெரிவுசெய்ய
மாவட்டக் காரியாலயம் அனுமதிக்குமா?
எங்கள் சந்தாவில் பாதியாவது
இந்தக் கரையில் தங்குமா?
பாலம் போட்டபிறகும் எங்களுக்கு நீங்கள்
அக்கரையாகவே இருப்பது ஏன்?'
கீழே
செல்லக்கண்டு, கிளைத் தலைவி.
ஓரத்தில் பச்சை மையில் வில்வராசா:
'பிறகு பார்ப்போம்.'

அதே இரண்டு சொல்.
கொழும்பு எங்களுக்கு எழுதுகிற அதே இரண்டு சொல்.
அவர்கள் நீலத்தில் எழுதுவார்கள், அவ்வளவுதான்.

உட்துறைமுகத்தில் ஒரு கப்பல்
வெளிச்சம் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது.
எந்த நாட்டுக் கொடியென்று
இங்கிருந்து பார்க்கத் தெரியாது.

பன்னிரண்டே முக்காலுக்குப் போனில் ஒரு மெசேஜ்.
'கல்ஓயா. இன்னும் கொளுவேல்லை.
மட்டக்களப்பு வண்டி லேட்.
எங்கட எஞ்சினையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள்.
லைற் இல்லை. ஃபான் இல்லை.
சரியான நுளம்பு.'

யாரும் இழுக்காத பெட்டிக்குள்
பதினொரு அம்சத்தால் விசிறிக்கொண்டு
அவர் இருப்பது தெரிகிறது.

என் கையில் மூதூர்.
'செயலாளருக்கு,
பன்னிரண்டாவதாக ஒன்று' என்று தட்டத் தொடங்கி
இருட்டில் அவரால் வாசிக்க முடியுமா என்று
யோசிக்கிறேன்.
போன் வெளிச்சம் போதும்.
சார்ஜ் எவ்வளவு கிடக்கோ தெரியாது.